பம்பும் வேண்டாம், பைப்பும் வேண்டாம்: ஜன்னல் ஓரத்தில் ஒரு கீரை டப்பா

போனைத் திறந்தா விளம்பரம். வெள்ளைக் குழாய்கள் அடுக்கடுக்கா நிக்குது, ஓட்டைக்கு ஓட்டை லெட்யூஸ் எட்டிப் பார்க்குது, மேலே ஊதா கலர் லைட்டு. மண் இல்லை, அழுக்கு இல்லை, வீட்டுக்குள்ளயே வருஷம் முழுக்கக் கீரைன்னு ஒரு குரல் உருகி உருகிச் சொல்லுது. விலையைப் பார்த்தா, அந்தக் காசுக்குத் தெருவில் கூவிட்டு வர்ற கீரைக்காரம்மாகிட்ட வருஷக்கணக்கில் கீரை வாங்கலாம். இதில் பம்பு தனி, டைமர் தனி, உரப் பாட்டில் தனி. கரண்ட் போனா பம்பு நிக்குமே, அதுக்கு ஒரு பேட்டரி, அதுவும் தனி.

எரிச்சல் வருமா வராதா?

இத்தனைக்கும் இந்த மொத்த வேலையையும் மூடி போட்ட ஒரு டப்பா செஞ்சுடும். பம்பு இல்லை, கரண்ட் இல்லை. இதை ஊரறியச் சொன்னவர் பெர்னார்ட் கிராட்கி, ஹவாய் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலை ஆராய்ச்சியாளரா இருந்தவர். 2009-ல் அவர் எழுதின கட்டுரை ஒண்ணு, தண்ணியை ஓட விடாமலே லெட்யூஸ் வளர்க்க மூணு வழி சொல்லுது. இன்னிக்கு உலகம் முழுக்க மொட்டைமாடியிலும் சமையல்கட்டிலும் ‘கிராட்கி முறை’ன்னு ஓடிட்டு இருக்கிறது இதுதான்.

செய்முறை நாலே வரி. தண்ணியில் உரத்தைக் கலந்து டப்பாவை நிரப்பணும். மூடியில் ஓட்டை போட்டு, நாற்று வெச்ச சின்னக் கூடையை அதில் தொங்க விடணும். கூடையோட அடிப்பாகம் ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் தண்ணியில் முங்கினா போதும். அறுவடை வரைக்கும் சும்மா இருக்கணும்.

அந்தக் கடைசி வரிதான் நம்ம ஆளுங்களுக்குக் கஷ்டம்.

ஏன்னு பார்ப்போம். செடி தண்ணியைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்குது. மூடிக்கும் தண்ணிக்கும் நடுவில் ஒரு காலியிடம் உருவாகுது, அதில் ஈரக்காத்து நிக்குது. மூணாவது வாரம் மூடியைத் தூக்கிப் பார்த்தா வேரில் ரெண்டு ஜாதி தெரியும். கீழே தண்ணிக்குள்ள இருக்கிறது நீளமா, வழவழன்னு, முடிக்கத்தை மாதிரி தொங்கும். மேலே காத்தில் இருக்கிறது குட்டையா, கிளை விட்டு, வெள்ளை வெள்ளையாப் பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும். கீழ் வேர் தண்ணியையும் உரத்தையும் உறிஞ்சுது. மேல் வேர் ஆக்சிஜனை எடுத்துக்குது. பம்பு வெச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து அடிக்கிறவங்க செய்யுற வேலையை, தண்ணி குறையறதே செஞ்சுடுது.

இப்போ நம்ம வீட்டில் என்ன நடக்கும்? யாராவது ஒருத்தர் எட்டிப் பார்ப்பாங்க. “ஐயோ, தண்ணி பாதியாயிடுச்சே”ன்னு பதறிப்போய் ஒரு சொம்பு தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்துவாங்க. காத்து வேர் எல்லாம் முங்கிடும். அது தண்ணிக்குள்ள மூச்சு விடத் தெரியாத வேர். ஒண்ணு ரெண்டு நாளில் செடி வாடும். வாடுறதைப் பார்த்து இன்னும் ஒரு சொம்பு. முடிஞ்சது கதை. (டப்பா மேல ‘தண்ணி ஊத்தாதீங்க’ன்னு ஒரு காகிதம் ஒட்டி வெக்கிறது நல்லது. கூட்டுக் குடும்பமா இருந்தா ரெண்டு காகிதம்.)

மட்டம் ரொம்பவே இறங்கி, அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தா ஊத்தலாம். ஆனா காத்து வேர் இருக்கிற உயரத்துக்குக் கீழேயே நிறுத்திக்கணும். லெட்யூஸ் ஒரு செடிக்கு நாலு லிட்டர் டப்பா வெச்சா, பெரும்பாலும் அந்தப் பேச்சே வராது.

தண்ணியில் செடி வளர்க்கிறது ஏதோ நேத்து ராக்கெட் விட்டவங்க கண்டுபிடிச்சதுன்னு விளம்பரக்காரங்க பேசுறாங்க. 1699-லேயே லண்டனில் ஜான் வுட்வர்டுன்னு ஒருத்தர் புதினாவைத் தண்ணியில் வளர்த்து, எடை போட்ட கணக்கை வெளியிட்டார். மழைத்தண்ணி, தேம்ஸ் ஆத்துத் தண்ணி, ஹைட் பார்க் குழாய்த் தண்ணி, அப்புறம் தோட்ட மண்ணைக் கரைச்ச தண்ணி. எதில் நல்லா வளர்ந்தது தெரியுமா? சுத்தமான மழைத்தண்ணியில் இல்லை, மண் கரைச்ச கலங்கல் தண்ணியில். அப்போ செடி தின்னுறது வெறும் தண்ணியை இல்லை, அதில் கரைஞ்சிருக்கிற எதையோன்னு புரிஞ்சது. அந்த ‘எதையோ’ என்னன்னு பிரிச்சுப் பார்க்க இன்னும் நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1860-களில் ஜெர்மனியில் ஜூலியஸ் சாக்ஸ், வில்ஹெல்ம் நாப் ரெண்டு பேரும் எந்தெந்த உப்பைக் கரைச்சா மண்ணே இல்லாம செடி பிழைக்கும்னு காட்டினாங்க. இன்னிக்குக் கடையில் விக்கிற ஏ பாட்டில், பி பாட்டில் எல்லாம் அந்த வம்சம்தான்.

பரபரப்பைக் கிளப்பினவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் கெரிக். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்தவர். 1930-களில் தண்ணித் தொட்டியில் தக்காளி வளர்த்தார். கொடி 25 அடிக்கு ஏறிடுச்சு, ஏணி போட்டுப் பறிக்க வேண்டி வந்தது. பத்திரிகைகள் விடுமா? இனி மண்ணே வேண்டாம், வீட்டு மாடியிலேயே விவசாயம்னு எழுதித் தள்ளினாங்க. (கேட்ட மாதிரி இருக்கா?) பல்கலைக்கழகம் செய்முறையைக் கேட்டப்ப, என் சொந்த நேரத்தில் செஞ்சதுன்னு கெரிக் தர மறுத்தார். உடனே அதே பல்கலைக்கழகம் டென்னிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னன் ரெண்டு பேரையும் சோதிச்சுப் பார்க்கச் சொன்னது. 1938-ல் வந்த அவங்க அறிக்கையோட சாரம்: நல்ல மண்ணில் என்ன விளையுதோ ஏறக்குறைய அதுதான் தண்ணியிலும் விளையுது, மாயம் ஒண்ணும் இல்லை. கூடவே, எத்தனை செடியை நெருக்கினாலும் கடைசியில் வெளிச்சம்தான் எல்லை போடும்னும் சொன்னாங்க. இந்த ரெண்டாவது விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க, மின்சார பில் பத்திப் பேசும்போது திரும்ப வரும்.

நம்ம நாட்டுக்கும் இது புதுசு இல்லை. டார்ஜிலிங் பக்கம் கலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ்னு ஒருத்தர், 1940-களின் கடைசியில் கரண்டும் பெரிய கருவியும் இல்லாம, ஜல்லியும் மணலும் நிரப்பின தொட்டியில் உரத்தண்ணி விட்டுப் பயிர் வளர்த்தார். அதுக்கு ‘வங்காள முறை’ன்னே பேர் வெச்சு 1951-ல் புத்தகமும் போட்டார். ஏழை நாட்டுக் குடும்பம் செலவில்லாம செய்யணும்னுதான் அவர் முழு முனைப்பும் இருந்தது. எழுபது வருஷம் கழிச்சு நமக்கு இதை ஈஎம்ஐ போட்டு விக்கிறாங்க.

சரி, வீட்டில் எப்படி ஆரம்பிக்கிறது?

டப்பா: வெளிச்சம் உள்ளே போகாத எதுவும் சரி. காலியான பெயின்ட் பக்கெட், ஐஸ்கிரீம் கடைத் தெர்மாகோல் பெட்டி, பெரிய கடலை மிட்டாய் ஜாடி. கண்ணாடி மாதிரி தெரியுற பாட்டிலா இருந்தா கட்டாயம் மூடணும். உரத்தண்ணியில் வெளிச்சம் பட்டா ரெண்டாவது வாரமே பாசி பிடிச்சுப் பச்சைப் பசேல்னு ஆயிடும். முதல்ல கறுப்புப் பெயின்ட், அது மேல வெள்ளைப் பெயின்ட். கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தடுக்கும். பெயின்ட் அடிக்கச் சோம்பலா இருந்தா பழைய ஜீன்ஸ் காலை வெட்டி மாட்டி விடுங்க, அதுவும் வேலை செய்யும்.

கூடை: ஆன்லைனில் நெட் பாட்னு விக்குது. அதுக்குப் பதிலா டீக்கடைப் பிளாஸ்டிக் கப்பை எடுத்து, ஊதுவத்தியைப் பொருத்தி அடியிலும் பக்கத்திலும் ஓட்டை குத்திக்கலாம். உள்ளே நாற்றைப் பிடிச்சு நிக்க ஒரு துண்டு மெத்தை ஸ்பாஞ்சு, இல்லைன்னா தேங்காய் நார்க் கழிவு. நார்க் கழிவைப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கட்டிகட்டியா உலகத்துக்கே ஏத்துமதி பண்றாங்க. வாங்கினதும் மூணு நாலு தடவை நல்லா அலசணும், உப்பு நிறைய இருக்கும்.

இதுவரைக்கும் செலவு ஒண்ணும் பெரிசா இல்லை. இனிமேதான் கவனம் வேணும்.

உரம். இங்கதான் பாதிப் பேர் தோத்துப் போறாங்க, அதுவும் ஒரே மாதிரி தோக்குறாங்க. உரக்கடைக்குப் போய் “தண்ணியில் கரையுற உரம் கொடுங்க”ன்னு கேட்டா, கடைக்காரர் கையில் எடுக்கிறது 19:19:19. நல்ல உரம்தான், மண்ணுக்கு. ஆனா அதில் இருக்கிற தழைச்சத்தில் பாதிக்கு மேல யூரியா. மண்ணில் யூரியாவைப் பாக்டீரியா உடைச்சு, செடி சாப்பிடுற மாதிரி மாத்திக் கொடுக்கும். உங்க டப்பாவில் அந்தப் பாக்டீரியாப் பட்டாளம் கிடையாது. அது போக, 19:19:19-ல் கால்சியம் சுத்தமா இல்லை. செடி முதல்ல நல்லா வர்ற மாதிரி தெரியும். அப்புறம் குருத்து இலையோட ஓரம் பழுப்பாக் கருகும். வெயில் பட்டுடுச்சுன்னு நினைச்சு நிழலுக்கு மாத்துவாங்க. அது வெயில் இல்லை, கால்சியம் பட்டினி.

தேவை மூணு பொட்டலம். ஒண்ணு, நுண்சத்தெல்லாம் சேர்ந்த ஹைட்ரோபோனிக் (மண்ணில்லா வளர்ப்பு) கலவை. தக்காளிக் கலவைன்னு 4-18-38 கணக்கில் ஆன்லைனில் கிடைக்குது. ரெண்டு, கால்சியம் நைட்ரேட். மூணு, மெக்னீசியம் சல்ஃபேட், அதாவது எப்சம் உப்பு. 10 லிட்டர் தண்ணிக்கு முதல் ரெண்டும் தலா 6 கிராம், எப்சம் 3 கிராம். சமையல் தராசு இந்த எடைக்குச் சரிவராது. நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு வேணும். நாற்றுப் பருவத்துக்கு இதில் பாதி போதும்.

கலக்கிற வரிசை முக்கியம். தண்ணியை முதல்ல எடுத்துக்கணும். கலவையைப் போட்டு முழுசாக் கரைக்கணும், அடுத்து எப்சம், கடைசியா கால்சியம் நைட்ரேட். மூணையும் ஒரு டம்ளரில் கெட்டியாக் கலந்து அப்புறம் ஊத்தலாம்னு குறுக்கு வழி போட்டா, கால்சியமும் சல்ஃபேட்டும் சேர்ந்து ஜிப்சமா அடியில் வெள்ளையாப் படிஞ்சிடும். பாஸ்பேட்டும் கூடவே மாட்டிக்கும். காசு கொடுத்து வாங்கினது டம்ளருக்கு அடியில் சுண்ணாம்பு மாதிரி உக்காந்திருக்கும். கடையில் ஏ, பின்னு ரெண்டு பாட்டிலாப் பிரிச்சு விக்கிறதுக்கு இந்த ஒரே காரணம்தான், கம்பெனி ரகசியம் ஒண்ணும் இல்லை.

மாட்டுச்சாணக் கரைசல், பஞ்சகவ்யம், மண்புழு உரத் தண்ணின்னு இயற்கை முறையில் செய்யலாமான்னு நிறையப் பேர் கேட்கிறாங்க. மண் தொட்டிக்கு அருமை. ஓடாத தண்ணி டப்பாவில் அது அழுகும், நாறும், ஆக்சிஜனைத் தின்னுடும். வீட்டுக்குள்ள வெக்கிற டப்பா, பார்த்துக்கோங்க.

அடுத்து தண்ணி. சென்னை போர்வெல் தண்ணியில் டிடிஎஸ் (கரைஞ்ச உப்போட அளவு) மீட்டரை முக்கினா பல ஏரியாவில் ஆயிரத்தைத் தாண்டும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்புறது 500. வேற வழி இல்லைன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்குது. கீரை டப்பாவில் உரம் கலந்த பிறகு மொத்தமே 600-லேர்ந்து 900 பிபிஎம் இருந்தாப் போதும். தண்ணியிலேயே ஆயிரம் இருந்தா உரத்துக்கு இடமே இல்லை. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சிருக்கிறவங்க பாக்கியசாலிங்க. அது இல்லைன்னா ஆர்ஓ தண்ணியையும் குழாய்த் தண்ணியையும் கலந்துக்கலாம். ஆர்ஓ மெஷின் கழிச்சு விடுற தண்ணி வீணாப் போகுதேன்னு அதைப் பிடிச்சு ஊத்தாதீங்க. உப்பெல்லாம் குவிஞ்சிருக்கிறது அதில்தான்.

கடினத் தண்ணியில் இன்னொரு வம்பு, பிஎச் (புளிப்பு-கார அளவு) ஏறிக்கிட்டே போகும். கீரைக்குச் சுகமான இடம் 5.5-லேர்ந்து 6.5. ஏழைத் தாண்டினா இரும்புச்சத்து தண்ணியில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது. புது இலை மஞ்சளா இருக்கும், அதில் நரம்பு மட்டும் பச்சைக் கோடாத் தெரியும். இந்தக் கோலத்தைப் பார்த்ததும் இன்னும் உரம் போடணும்னு கை பரபரக்கும். போடாதீங்க, பிஎச்சைப் பாருங்க. சொட்டு விட்டுக் கலர் பார்க்கிற டெஸ்ட் கிட் மீன் தொட்டிக் கடையிலேயே கிடைக்குது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சா இறங்கும், ஆனா ரெண்டு நாளில் பழைய இடத்துக்கு ஏறிடும். இதுக்குன்னே விக்கிற பாஸ்பாரிக் அமிலக் கரைசல் நிலைச்சு நிக்கும். கையுறை போட்டுக்கிட்டு, சொட்டுச் சொட்டா.

கொசுவைச் சொல்லாம நம்ம ஊரில் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. தேங்கின நல்ல தண்ணி, இருட்டு, சூடு. டெங்கு கொசுவுக்கு இதைவிட நல்ல பிரசவ ஆஸ்பத்திரி கிடையாது. முட்டையிலேர்ந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். இடுக்கு விட்ட மூடியோட டப்பா வெச்சீங்கன்னா, கீரை வர்றதுக்கு முன்னாடி மாநகராட்சி சுகாதாரப் பணியாளர் வந்துடுவார். கப் ஓட்டையில் இறுக்கமா உக்காரணும். மூடியைச் சுத்தி டேப் ஒட்டணும். காத்துக்குன்னு தனியா ஓட்டை போட்டிருந்தா அது மேல கொசுவலைத் துண்டு. இதில் மட்டும் சோம்பல் கூடாது.

இப்போ, என்ன போடுறது? எல்லா வீடியோவிலும் லெட்யூஸ்தான். ஹவாயில் கிராட்கி வளர்த்ததும் அதுதான். ஆனா லெட்யூஸ் குளிர் தேச ஆள். விதையே சூட்டில் தூங்கிடும். முப்பது டிகிரியைத் தாண்டினா பல ரகம் முளைக்கவே அடம் பிடிக்கும். ஈர டிஷ்யூவில் வெச்சு ஃபிரிட்ஜில் ரெண்டு மூணு நாள் வெச்சு எடுத்தா சமாதானம் ஆகும். பல ரகத்துக்கு முளைக்கிறதுக்கும் வெளிச்சம் வேணும், அதனால ஆழமாப் புதைக்கக் கூடாது. (இந்தக் குணத்தை வெச்சுத்தான் 1952-ல் அமெரிக்க விஞ்ஞானிங்க, ‘கிராண்ட் ரேப்பிட்ஸ்’ லெட்யூஸ் விதையில் சிவப்பு வெளிச்சம் அடிச்சா முளைக்குது, தூரச்சிவப்பு அடிச்சா நிக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க. செடிக்கும் ஒரு ஸ்விட்ச் இருக்குன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது அப்படித்தான்.)

சூடு வேருக்கும் ஆகாது. 20 டிகிரி தண்ணியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வேருக்கு மூச்சு முட்டும், பித்தியம்னு ஒரு அழுகல் நோய்க்குக் கொண்டாட்டம். வேர் பழுப்பாகி, தொட்டா தோல் கழண்டு வந்தா அதுதான். அதனால ஊட்டி, கொடைக்கானல், பெங்களூருவில் இருக்கிறவங்க லெட்யூஸ் போடுங்க. சென்னை, மதுரை, திருச்சிக்காரங்க மார்கழி, தை மாசத்தில் ஆசைக்குப் போடலாம். சித்திரையில் லெட்யூஸ் வளர்க்கிறேன்னு ஒருத்தர் கிளம்பினா அவர்கிட்ட ஏசி ரூம் இருக்கணும்.

நம்ம கீரையைப் பேசுவோம். இதில் ஒரு குழப்பம் உண்டு: தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை மூணும் அமராந்தஸ் குடும்பம், கொளுத்துற வெயிலைக் குடிச்சு வளர்ற ஜாதி. மொட்டைமாடி டப்பாவில் ராஜா மாதிரி வரும். ஜன்னல் ஓரத்தில் வெச்சா வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீண்டு, சாஞ்சு விழும். வீட்டுக்குள்ள அதை முதல் கீரையா எடுக்காதீங்க.

வீட்டுக்குள்ள ஜெயிக்கிறது பாலக். நம்ம ஊரில் பாலக்னு விக்கிற விதை பெரும்பாலும் பீட்ரூட்டோட உறவுக்காரக் கீரை. சூடும் தாங்கும், கொஞ்சம் உப்புத் தண்ணியும் தாங்கும். விதையைக் கையில் எடுத்தா சொரசொரன்னு, மிளகு நசுங்கின மாதிரி இருக்கும். அது ஒரு விதை இல்லை, ஒட்டிக்கிட்ட கொத்து. ஒண்ணு போட்டா ரெண்டு மூணு முளை வரும், பயந்துடாதீங்க. ராத்திரி ஊற வெச்சுப் போட்டா சீக்கிரம் முளைக்கும். ஒரு மாசத்தில் வெளி இலையைக் கிள்ளலாம், நடுக் குருத்தை விட்டா திரும்பத் திரும்ப வரும்.

அதைவிடச் சுலபம், விதையே இல்லாம. சந்தையில் வாங்கின பொன்னாங்கண்ணிக் கட்டில் நாலு நல்ல தண்டை எடுங்க. புதினாவிலும் அப்படியே, கொடிப்பசலையிலும். கீழ் இலையை உருவிட்டு ஒரு டம்ளர் தண்ணியில் நிறுத்தினா, ஒரு வாரம் பத்து நாளில் கணுவிலேர்ந்து வெள்ளையா வேர் கிளம்பும். அப்படியே கப்பில் சொருகி டப்பாவுக்கு மாத்திடலாம். வள்ளைக்கீரை (இலங்கையில் ‘கங்குன்’னு சொல்வாங்களே, அது) தண்ணியிலேயே பிறந்து வளர்ற கொடி, நிறைய வெளிச்சம் கிடைச்சா ஜன்னலையே மூடிடும். வெளிச்சம் கம்மியா இருக்கிற வீட்டுக்கு வல்லாரை. மெதுவாத்தான் வரும், ஆனா கோவிச்சுக்காது.

வெளிச்சம், வெளிச்சம்னு சொல்லிக்கிட்டே இருக்கோம். இதில் கண்ணு நம்மை ஏமாத்தும். நடுப்பகல் வெளியில் வெயில் ஒரு லட்சம் லக்ஸ். நல்லா வெளிச்சமா இருக்கேன்னு நாம நினைக்கிற ஹாலில் 200, 300 லக்ஸ் இருந்தாலே அதிகம். கீரைக்கு ஒரு நாளைக்கு 12, 14 மணி நேரம் பத்தாயிரம் லக்ஸாவது வேணும். ஹால் டேபிள் நடுவில் டப்பாவை வெச்சு அழகு பார்க்கிற விளம்பரப் படம் எல்லாம் பத்து நாள் கதை. காலை வெயில் மூணு நாலு மணி நேரம் நேரா விழுற கிழக்கு ஜன்னல் இருந்தா, லைட்டே வாங்காதீங்க. மேற்கு ஜன்னலும் பரவாயில்லை, சாயங்காலச் சூட்டில் தண்ணி கொதிக்காம டப்பாவைச் சுத்தி ஈரத்துணி போடணும்.

அந்த மாதிரி ஜன்னல் இல்லாதவங்களுக்கு ஊதா லைட்டு தேவையில்லை. நாலடி நீளம், 20 வாட், சாதா வெள்ளை எல்இடி பேட்டன் லைட் ரெண்டு. நாலடிக்கு ஒரு அடி பலகை மேல, இலையிலேர்ந்து ஒரு சாண் உயரத்தில் தொங்க விடணும். உயரத்தில் மாட்டினா வெளிச்சம் ரூமுக்குத்தான் போகும், கீரைக்குப் போகாது. தினம் 14 மணி நேரம் எரிஞ்சா, நம்ம ரெண்டு மாசப் பில்லில் ஏறக்குறைய 34 யூனிட். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம்னாலும், ஏசி ஓடுற வீட்டில் இந்த 34 யூனிட் போய் விழுறது உச்சி ஸ்லாபில். ஹோக்லண்டும் ஆர்னனும் 1938-ல் சொன்னது நினைவிருக்கா?

இந்தக் கணக்கில் விழுந்தது வீட்டுக்காரங்க மட்டும் இல்லை. நியூயார்க்கில் 2015-ல் ஆரம்பிச்ச போவரி ஃபார்மிங், கட்டிடத்துக்குள்ள லைட்டு போட்டுக் கீரை வளர்த்த கம்பெனி, 2021-ல் 230 கோடி டாலர் மதிப்புன்னு சொன்னாங்க. 2024 நவம்பரில் கடையை மூடிடுச்சு. ஏரோஃபார்ம்ஸ் 2023-ல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போச்சு. சூரியன் சும்மா தர்றதைக் கரண்ட் காசு கொடுத்து வாங்கினா, கீரை விக்கிற விலைக்குக் கட்டுப்படி ஆகுறது ரொம்பக் கஷ்டம். கீரைக்கட்டு இருபது முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிற ஊரில் கேட்கவே வேண்டாம். காசு மிச்சம் ஆகும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பறிச்ச பத்தாவது நிமிஷம் பருப்பில் விழுற கீரைக்கு, மருந்து அடிக்காத கீரைக்கு, அப்புறம் அந்த வெள்ளை வேரைப் பார்க்கிற சுகத்துக்கு, இதைச் செய்யலாம்.

சாப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். வெளிச்சம் கம்மி, நைட்ரேட் உரம் ஜாஸ்தின்னா, கீரை அந்த நைட்ரேட்டை இலையிலேயே சேத்து வெச்சுக்கும். ஐரோப்பிய யூனியன் இதுக்கு வரம்பே வெச்சிருக்கு: கூடாரத்தில் வளர்ற லெட்யூஸுக்குக் குளிர்காலத்தில் கிலோவுக்கு 5,000 மில்லிகிராம், கோடையில் 4,000. வெயில் நல்லா இருக்கிற பருவத்தில் கம்மியா இருக்கணும்னு எதிர்பார்க்கிறாங்க. வீட்டில் வழி சுலபம். உரத்தைக் கூட்டாதீங்க. வெட்டுறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி உரத்தண்ணியை எடுத்துட்டு வெறும் தண்ணியில் நிறுத்துங்க. காலையில் வெட்டாம சாயங்காலம் வெட்டுங்க. பகல் முழுக்க வெளிச்சம் பட்டா நைட்ரேட் குறையும்.

பூச்சி வருமா? வரும். அசுவினியும் வெள்ளை ஈயும் ஜன்னல் வழியா வர்றதை யாரும் தடுக்க முடியாது. ரெண்டு நாளுக்கு ஒரு தடவை இலையைத் திருப்பிப் பாருங்க, கையால துடைச்சு விடுங்க, மீறினா வேப்பெண்ணெய்க் கரைசல். மண் இல்லாததால பூச்சி இல்லைன்னு சொல்றதும் விளம்பரம்தான்.

ஆரம்பிக்கிறவங்க பெரிய பெட்டியில் இறங்காதீங்க. இந்த வாரச் சந்தையில் ஒரு கட்டு புதினா, ஒரு கட்டு பொன்னாங்கண்ணி வாங்குங்க. துவையலுக்குப் போனது போக நாலு தண்டை டம்ளரில் நிறுத்துங்க. வேர் விட்ட பிறகு டப்பா தேடுங்க, அதுக்கப்புறம் உரம் வாங்குங்க. அறுவடை முடிஞ்சு டப்பாவில் மிஞ்சின உரத்தண்ணியைச் சிங்க்கில் கொட்டிடாதீங்க. ஒண்ணுக்கு ரெண்டு பங்கு தண்ணி கலந்து துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊத்துங்க. டப்பாவை நல்லாத் தேய்ச்சுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் கவுத்து வெச்சுட்டு அடுத்த போகத்தைப் போடுங்க.